ஊசியும் திருப்புளியும்: பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் மகளும் கருவியும்

பாலாற்றை ஒட்டிச் செல்லும் சாலையையும் இருப்புப்பாதையையும் சார்ந்த ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோலை நம்பி வாழ்பவை. ஒரே மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள் 2019ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும், தொழிலால் இன்றும் ஒரே வட்டாரமாகவே இயங்குகின்றன. இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் தோல் வணிகத்தையும், ஏற்றுமதியையும், ஆற்று நீர் கெட்ட கதையையும் விரிவாகப் பேசியிருக்கின்றனர். ஆனால் இங்கே எந்தக் கருவி எந்த வயதில் மகளின் கைக்கு வந்தது, எந்தக் கருவி வராமலே போனது என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. சுத்தியலையும் திருப்புளியையும் விளையாட்டுப் பொருளாக எடுத்து, உடைந்ததைப் பிரித்துப் பார்க்கவும் திரும்பப் பூட்டவும் ஆசைப்படும் பெண் குழந்தை எல்லாக் காலத்திலும் எல்லா வீட்டிலும் பிறக்கக்கூடியவள். அந்த ஆசைக்கு இவ்வட்டாரத்தின் வழக்கமும் தொழிலும் சட்டமும் என்ன இடம் கொடுத்தன என்று பார்க்கும்போது, கருவியை மகளுக்கு மறுத்த கதையைவிடச் சிக்கலான ஒரு கதை வெளிப்படுகிறது.

விளையாட்டுப் பொருளிலிருந்தே தொடங்கலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டைச் சொல்லும் பழைய நூல். பாலாறு ஓடும் நாடும் அதுவே. தச்சர் வீட்டுச் சிறுவர்கள் செய்த, ஏறிச் செல்லப் பயன்படாத சிறு தேரை உருட்டித் திரிந்து களைத்த புதல்வர்களை அந்நூல் காட்டுகிறது. செய்பவரும் சிறுவர், உருட்டுபவரும் சிறுவர். பல நூற்றாண்டுகள் கழித்துத் தோன்றிய பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, அதாவது தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களில் பாடும் நூல்வகை, ஆண், பெண் விளையாட்டுகளின் பிரிவினையை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. காப்பு முதல் அம்புலி வரை முதல் ஏழு பருவங்கள் இருபால் குழந்தைகளுக்கும் பொது. அதன்பின் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் குழந்தைக்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்றும் வழி பிரிகிறது. பறையும் தேரும் ஒருவர் செய்து தந்த பொருள்கள். தட்டினால் ஒலிப்பவை, இழுத்தால் ஓடுபவை. ஆண்பாற் சிற்றில் பருவத்தில், மணலால் வீடு கட்டியிருக்கும் சிறுமியர் அதைக் காலால் சிதைக்க வேண்டாம் என்று ஆண் குழந்தையிடம் வேண்டிக்கொள்கின்றனர். அந்தப் பத்துப் பருவங்களுக்குள் எதையாவது கட்டி எழுப்புகிறவர் யார் என்று தேடினால் அச்சிறுமியர்தான் கிடைக்கின்றனர் என்பது கவனிக்கத் தக்கது.

பிற்காலத்து வீடுகளில் பெண் குழந்தைக்கு வாங்கித் தரப்பட்டவை மரச் சொப்புகள். கடைசல் பட்டறையில் கடைந்து வண்ணம் ஏற்றிய அடுப்பு, சட்டி, உரல், திருகை, ஆட்டுக்கல் முதலியவை அதில் அடங்கும். இவற்றைக் கருவிகள் அல்ல என்று தள்ளிவிடுவது சரியாகாது. உரலும் திருகையும் உழைப்பின் கருவிகளே. அவற்றின் பழுதைப் பார்த்தவர்களிலும் பெண்கள் இருந்தனர். தேய்ந்து வழுவழுப்பான அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தரும் தொழிலைத் தெருத்தெருவாகக் கூவிச் செய்தவர்கள் ஆணும் பெண்ணுமாக வந்தனர். உளியையும் சுத்தியலையும் துணிப்பையில் சுமந்து வந்து, வாசலில் குந்தி, கல்லின் மேல் வரிசையாகப் புள்ளி விழுமாறு கொத்திச் சென்ற பெண்ணை நடுவயதுத் தமிழர் பலர் நேரில் பார்த்திருப்பர். ஆனால் அந்த உளியின் சிறு வடிவம் எந்தச் சொப்புப் பெட்டியிலும் இடம்பெறவில்லை. பயன்படுத்தும் கருவியை விளையாட்டாக்கித் தந்த சமூகம், பழுது பார்க்கும் கருவியை மகளின் விளையாட்டில் சேர்க்கவில்லை. மேலை நாடுகளிலும் நிலைமை வேறாக இல்லை. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்று உருவாக்கிய மெக்கானோ, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் செய்யும் விளையாட்டு, ஆண் பிள்ளைகளுக்கான பொறியியல் என்றே விளம்பரப்படுத்தப்பட்டது.

தோல் தொழிலில் ஊசி முதலில் ஆணின் கையில் இருந்தது. புறநானூற்றின் 82ஆம் பாடல், போர்க்களத்தில் வீரன் காட்டிய விரைவை, தோல் வாரால் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் ஊசி ஓடும் விரைவோடு ஒப்பிடுகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது, அதற்குள் கட்டிலை முடித்துவிட வேண்டிய அவசரத்தில் அவன் கை பறக்கிறது. கைத்திறனை இவ்வளவு நுட்பமாகக் கண்டு வியந்த அப்பாடலே அத்தொழிலாளியை இழிந்தவன் என்னும் பெயரால்தான் சுட்டுகிறது. தோலைத் தொட்டவனின் திறமை ஏற்கப்பட்டு அவன் மதிப்பு மறுக்கப்பட்ட நிலை பாலாற்றங்கரையில் நவீனத் தொழில் வளர்ந்த காலத்திலும் மாறவில்லை. அருந்ததியரும் பறையரும் உழைப்பைத் தர, பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் முதலீட்டையும் சந்தையையும் தர, இத்தொழில் இங்கே ஊன்றியது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி, இவ்வட்டாரத்தைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்தது. காட்டில் கிடைத்த ஆவாரம் பட்டையும் கடுக்காயும், ஆற்று மணலைத் தோண்டினால் ஊறிய நீரும் மீதியைச் செய்தன.

பட்டைப் பதனிடுதலில், அதாவது மரப்பட்டையின் துவர்ப்புச் சாறு தோலுக்குள் ஊறி அதை அழுகாமல் நிலைக்கச் செய்யும் பழைய முறையில், மிகுந்த திறமை கேட்டது சதை எடுக்கும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் கழன்ற தோலை வளைந்த மரத்தின் மேல் விரித்து, இரு முனையிலும் பிடி கொண்ட கத்தியால் உட்புறச் சதையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூலிழை ஆழமாக இறங்கினாலும் தோல் விலை இழக்கும். அக்கத்தி ஆணுடையது. உப்பு உதறுதல், பட்டை சுமத்தல், காய வைத்தல், தரம் பிரிக்கும் இடத்தில் அடுக்கி வைத்தல் போன்றவை பெண்ணுக்கு வந்தன. தோல் பதனிடும் ஆலையான ஒரே டேனரியில் கணவனும் மனைவியும் உழைத்த குடும்பங்களில் மகனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித் தரப்பட்டது. மகள் தாயின் சுமையைப் பகிர்ந்துகொண்டாள்.

இதே வட்டாரத்தில், இதே காலத்தில், பழுது பார்க்கும் நுண்கருவிகள் பெண்களின் கையில் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட ஓர் இடமும் இருந்தது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கிய அவர், 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஆண் மாணவர்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947இல்தான். கத்தியும் கிடுக்கியும் தையல் ஊசியும் கொண்டு உடலைத் திறந்து சரிசெய்து மூடும் தொழிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெண்கள் மட்டுமே கற்ற பள்ளி வேலூரில் இயங்கியது என்பது, அந்நாளில் சிறிய செய்தி அன்று. அங்கு பயின்றவர்கள் பெரும்பாலும் டேனரித் தொழிலாளியின் மகள்கள் அல்லர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கருவியைத் தொடும் உரிமை பாலால் மட்டுமன்றிச் சாதியாலும் கல்வியாலும் பிரிக்கப்பட்டிருந்தது.

அப்பள்ளியோடு இணைந்த மருத்துவமனையில்தான் பொம்மையும் கருவியும் காலணியும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அரிய அத்தியாயம் நிகழ்ந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் தச்சும் கொத்து வேலையும் பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையை வளர்த்தார். அறுவைக்குப் பின் அக்கைகளுக்கு வேலை வேண்டும் என்பதற்காக 1950களின் தொடக்கத்தில் அமைந்த நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சுக் கருவிகளைப் பிடித்து மரப் பொம்மைகள் செய்தனர். வலி தெரியாத கை கருவியைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிடித்துப் புண்ணாகிறது என்பது அந்தப் பட்டறையில் தெளிவாயிற்று. பிடியைப் பருமனாக்கி அழுத்தத்தைப் பரவச் செய்தால் புண் குறையும் என்பதும் அங்கே கற்ற பாடம். கைக்குச் சொன்ன அதே நியாயம் காலுக்கும் பொருந்தியது. நுண்துளை ரப்பரால் ஆன, ஆணி அடிக்காத செருப்பு, இன்றும் தமிழகத்தில் எம்.சி.ஆர். செருப்பு என வழங்குவது, வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளால் பரவியது. ஆணி ஏன் கூடாது என்றால், உணர்வற்ற பாதத்தில் அது ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாது.

இத்தொழுநோய்ப் பணியில் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். நிற்க முடியாத மருத்துவர் எப்படி அறுவை செய்வார் என்ற கேள்விக்கு, கையறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதே விடையாயிற்று. சக்கர நாற்காலியிலிருந்து அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1960களில் வேலூரில் அதற்கான துறையை நிறுவி நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். கருவிக்கு உடல் பொருந்தவில்லையென்றால் கருவியையும் இருக்கையையும் மேசையையும் மாற்றலாம் என்பதை வேலூர் மருத்துவமனை கண்கூடாகக் காட்டியது. அதே சாலையில் ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் வளர்ந்த காலணித் தொழில், பெண்ணையும் கருவியையும் பற்றி இக்கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

காலணித் தொழிற்சாலைகள் பெருகியதற்கு அரசின் கொள்கை மாற்றமே காரணம். தோல் ஏற்றுமதி குறித்து அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. தோலைத் தோலாக விற்பதைவிடக் காலணியாகவோ, குறைந்தது ‘அப்பர்’ எனப்படும் காலணியின் மேற்பகுதியாகவோ விற்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பதனிடுதலில் பெரும்பங்கு ஆண்களுடையது. அப்பர் தைப்பதோ பெரும்பாலும் பெண்களின் வேலையாக அமைந்தது. ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களிலிருந்து காலையில் கம்பெனிப் பேருந்துகள் பெண்களை ஏற்றிவரத் தொடங்கின. சில வகைக் காலணிகளின் கைத்தையல் தொழிற்சாலைக்கு வெளியே, வீடுகளுக்குச் சென்றது. மொக்காசின் எனப்படும் வகையில், பாதத்தின் மேல் வட்டமாக மடிப்பு விழ, முன்பே துளையிட்ட இரு தோல் துண்டுகளைத் தடித்த நூலால் இறுக்கித் தைக்க வேண்டும். ஏஜெண்டு பையில் கட்டிக் கொண்டுவந்து தரும் அப்பர்களை வாசற்படியில் அமர்ந்து பெண்கள் தைக்கின்றனர்; ஒவ்வொரு தையலையும் இரு கைகளாலும் இழுத்து இறுக்குவதால் விரல் வெட்டுப்படுகிறது, தோள் வலிக்கிறது; கூலி ஜோடிக் கணக்கில். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வீடுகளில் பீடியும் இவ்வாறே ஓடியது: நனைத்த இலையின் மேல் தகட்டை வைத்து, அதன் அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடித்து, நூல் கட்டும் வேலையில் மகள்கள் மிக இளம் வயதிலேயே இறக்கப்பட்டனர்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பீடி சுற்றுதல் போன்ற வேலைகளில் அமர்த்துவதைத் தடை செய்தது. ஆனால் அதன் 3ஆம் பிரிவோடு ஒட்டிய விதிவிலக்கு, தொழிலை நடத்துபவர் தம் குடும்பத்தாரின் உதவியோடு செய்யும் இடத்துக்கு அத்தடை பொருந்தாது என்றது. வீட்டுக்குள் கத்தரிக்கோலைப் பிடித்த மகள் இவ்விதிவிலக்கின் நிழலில் மறைந்துபோனாள். 2016இல் வந்த திருத்தம் தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்து, குடும்ப உதவியைப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் மட்டும் அனுமதித்தது. ஆக, இவ்வட்டாரத்தில் மகளுக்கு ஊசியும் கத்தரிக்கோலும் விளையாட்டுப் பொருளாக வந்தவை அல்ல. விளையாடும் வயதில் கூலிக்கருவியாக வந்தவை. பிரித்துப் பார்த்தல், தவறாகப் பூட்டுதல், மறுபடி பூட்டுதல் என விளையாட்டுக் கருவி தரும் சுதந்திரத்துக்கு ஜோடிக் கணக்கில் இடமில்லை.

தொழிற்சாலைக்குள் நிலைமை தலைகீழ். அப்பர் தைக்கும் கூடத்தில் உள்ளது ‘போஸ்ட் பெட்’ இயந்திரம். வளைந்த தோலைச் சுற்றித் தைப்பதற்காக அதன் தையல் பரப்பு தட்டையாக இல்லாமல் ஒரு சிறு தூணாக மேலெழுந்திருக்கும். ஊசி கீழே போய் மேலெழத் தொடங்கும் கணத்தில் நூல் சிறு வளையமாக விரிகிறது, சுழலும் கொக்கியின் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே அந்த வளையத்தைப் பற்றி, பாபின் நூலைச் சுற்றி இழுக்கிறது, தையல் விழுகிறது. கொக்கி மயிரிழை முந்தினாலோ பிந்தினாலோ வளையம் தப்பி, தையல் விட்டுப்போகும். நாளெல்லாம் அந்த இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்கு, தையல் விடுவதற்கு முன்பே ஒலியில் மாற்றம் தெரியும். கோளாறைச் சரிசெய்ய வேண்டியதும் மிகையான வேலையன்று: கொக்கியின் திருகாணிகளைத் திருப்புளியால் தளர்த்தி, கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி, முனையை ஊசிக்கு நேரே கொண்டுவந்து, திரும்ப இறுக்குவது. ஆனால் அவர் கையைத் தூக்கி மெக்கானிக்கை அழைத்துவிட்டுக் காத்திருப்பார். வருபவர் ஏறத்தாழ எப்போதும் ஆண். காத்திருக்கும் நேரம் அவருடைய இலக்கிலிருந்து கழியும்.

இவ்வழக்கத்தின் பின்னால் ஒரு சட்டம் நெடுங்காலம் நின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில், ஆற்றல் தரும் மூல இயந்திரமும் ஆற்றலைக் கடத்தும் சாதனங்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் துடைக்கவோ, எண்ணெய் இடவோ, சரிசெய்யவோ எந்தப் பெண்ணையும், பதினெட்டு வயது நிறையாத எவரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. அசையும் பாகத்தால் காயம் நேரக்கூடிய எந்த இயந்திரத்தையும் அவர்கள் சரிசெய்யக் கூடாது என்றும் சேர்த்தது. இதன் வேர் பிரித்தானியச் சட்டத்தில் இருக்கிறது. 1844ஆம் ஆண்டில் அங்கு வந்த தொழிற்சாலைச் சட்டம் வளர்ந்த பெண்களை இளையோரோடு ஒரே வகுப்பில் வைத்தது. கூடம் முழுவதும் ஒரே தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் ஓடிய காலத்தில், புடவைத் தலைப்பும் கூந்தலும் அதில் சிக்கி உயிர் போன காலத்தில், இத்தகைய தடைக்கு நியாயம் இருந்தது. தனி மோட்டார் பொருத்தி, விசையை அணைத்து நிறுத்தக்கூடிய தையல் இயந்திரத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. சட்டமும் ஓடும் பாகத்தின் ஆபத்தைப் பற்றியதே தவிர, அணைத்து வைத்த இயந்திரத்தைப் பெண் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆயினும் வரையறுத்த ஓர் ஆபத்துக்காகப் போட்ட தடை, கூடத்தின் நடைமுறையில் திருப்புளி ஆணுடையது என்னும் பொது வழக்கத்துக்குத் துணைபோயிற்று என்றே கருத வேண்டியுள்ளது. வீட்டில் பத்து வயதில் குடும்ப உழைப்பாளியாகக் கணக்கில் வந்த அதே மகள், தொழிற்சாலையில் நாற்பது வயதிலும் இளையோர் வரிசையில் நிறுத்தப்பட்டாள். இவ்விரு சட்டப் பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இவ்வட்டாரத்துப் பெண்ணின் கைத்திறன் வரலாறு விளங்காது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பின் 43ஆம் பிரிவு, எல்லா வகை நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் அமர்த்தப்படப் பெண்களுக்கு உரிமை உண்டு என்கிறது. தமிழக அரசின் உதவிகளோ இரு திசைகளிலும் செல்கின்றன. ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் தரும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் ஊசியையே மீண்டும் கையில் வைக்கிறது. பசித்த வீட்டுக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பட்டப் படிப்பு, பட்டயப் படிப்பு ஆகியவற்றோடு ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பும் அதில் சேரும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அரத்தைச் சாய்க்காமல் பிடித்து இரும்புத் துண்டைச் சமமாக அராவுவதில் தொடங்கும் அப்பயிற்சி, அளவுகோலும் ஸ்பேனரும் பழகி, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவது வரை செல்லும். அந்த 1,000 ரூபாய் தையல் பிரிவில் சேரும் மாணவிக்கும் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவிக்கும் ஒன்றே. விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பிரிவை முதலில் எழுதுவது என்பதை இப்போது தீர்மானிப்பது சட்டமன்று, மகளும் அவள் வீட்டாருமே.